ஆள் தேடும் நாய்க்குப் பயிற்சி: பாலாற்று மணலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காட்பாடிப் பக்கம் பாலாற்று மணலில் ஏழெட்டுப் பேர் நாய்களோடு கூடுகிறோம். காணாமல் போன ஆளைத் தேட நாயைப் பழக்குவது எங்கள் பைத்தியம். நான் ஒரு சீருடைப் பிரிவில் நாய்களோடு இருபது வருடம் ஓட்டிவிட்டு வந்தவன். அதனால் கேள்விகள் எல்லாம் என் தலையில் வந்து விழும். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், டீக்கடையில் நிற்பவர்கள், புதிதாகக் குட்டி வாங்கியவர்கள், யாராக இருந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"சார், தேடுற நாய்னா போலீஸ் மோப்ப நாய்தானே?"

மோப்ப நாய் என்பது பொதுப்பெயர். குண்டு தேடுவது, கஞ்சா தேடுவது, இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பவரைக் கண்டுபிடிப்பது, இறந்தவர் உடலைத் தேடுவது எல்லாம் தனித்தனி வேலை. இங்கே பேசுவது உயிரோடு இருக்கும் ஆளைத் தேடும் நாயைப் பற்றி. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒருவருடைய துண்டையோ சட்டையையோ மோந்துவிட்டு அவர் போன வழியைத் தொடர்வது தடம் பிடிப்பது. அந்தப் பரப்பில் எந்த மனிதருடைய வாசம் காற்றில் வந்தாலும் அது கிளம்பிய இடத்துக்குப் போய்ச் சேர்வது காற்று மோப்பம். இடிபாட்டில் வேலை செய்வது இரண்டாவது வகை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சண்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்தில். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது அந்தப் படை இந்தியாவிலிருந்து அனுப்பிய நாய்களில் ஜூலியும் ரோமியோவும் இருந்தன. நூர்தாகி என்ற ஊரில் இடிபாட்டுக்கு அடியில் கிடந்த ஆறு வயதுச் சிறுமியை முதலில் ஜூலி குரைத்துக் காட்டியது. அப்புறம் ரோமியோவை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் அதே இடத்தில் குரைத்தது. ஏன் இரண்டாவது நாயை விட்டார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

"பேப்பர்ல எப்பவும் 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை'ன்னுதானே போடுறாங்க? அப்ப இது வேஸ்ட்தானே?"

இந்த ஒரு வரியால் நாய்களுக்கு ஏற்பட்ட மானநஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. திருடன் பைக்கில் ஏறிப் போயிருந்தால், ஏறிய இடத்தோடு தரையில் அவன் தடம் முடிந்துவிடும். நாய் அங்கே நின்றால் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. 'இங்கே வண்டி ஏறினான்' என்பதே விசாரணைக்கு ஒரு தகவல்தான்.

அப்புறம், நாய் வருவதற்கு முன் பாதி ஊர் அந்த வீட்டுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கும். பகல் வெயில் தார் ரோட்டில் ஏறியிருக்கும். நாய் கெட்டிக்காரனா இல்லையா என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி.

"நம்ம நாட்டு நாய் இதுக்கு ஆகுமா? இல்ல லாப், அல்சேஷன்தான் வாங்கணுமா?"

முதலில் நாயைப் பாருங்கள், அப்புறம் சாதியைப் பாருங்கள். முட்புதருக்குள் பந்தை எறியுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் போன பந்தை எத்தனை நேரம் தேடுகிறது? அரை நிமிடத்தில் கைவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் நாய், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இந்த வேலைக்குச் சிரமம். முள் குத்தினாலும் மூக்கை விடாமல் துழாவும் நாய் தெருவில் பிறந்திருந்தாலும் பரவாயில்லை. படைகள் லாபையும் மாலினுவா என்ற பெல்ஜிய மேய்ப்பு நாயையும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பிடிவாதம் அந்த இனங்களில் அதிகம் பேருக்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் இருக்கும் என்று இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ராஜபாளையம் பெரும்பாலும் ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளும், அந்நியரை நம்பாது. தேடிப்போகிற இடத்தில் இருப்பவர் எப்போதும் அந்நியர்தான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

2020 ஆகஸ்டில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் புதைந்தபோது, குவி என்ற நாட்டு நாய் தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடலை எட்டாவது நாள் ஆற்றோரம் காட்டிக்கொடுத்தது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 1995 ஒக்லஹோமா குண்டுவெடிப்பில் தன் நாயோடு வேலை செய்த வில்மா மெல்வில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, அடுத்த வருடம் ஒரு அமைப்பையே தொடங்கினார். காப்பகங்களில் யாரும் வேண்டாம் என்று விட்ட நாய்களை எடுத்துப் பழக்குவது அவர்கள் வழக்கம். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத துறுதுறுப்புதான் அங்கே தகுதி.

"பந்தா, பிஸ்கட்டா? எதை வெச்சுப் பழக்கணும்?"

உங்கள் நாய் எதற்கு உயிரை விடுமோ அது. என் ராஜிக்குக் கிழிந்த துண்டை இழுத்து விளையாடினால் போதும், கறியைக் காட்டினால்கூடத் திரும்பாது. பக்கத்து வீட்டு நாய்க்கு அவித்த ஈரல். ஒன்று மட்டும் முக்கியம்: பரிசு உங்கள் கையிலிருந்து வராமல், ஒளிந்திருக்கும் ஆளிடமிருந்து வரட்டும். அப்போதுதான் 'ஆளைக் கண்டுபிடித்தால் கொண்டாட்டம்' என்று நாய்க்குப் புரியும். உங்கள் பாக்கெட்டிலேயே பிஸ்கட் இருந்தால் அது ஏன் கரையோரம் வரைக்கும் ஓட வேண்டும்?

"அடிக்காம வளர்த்தா நாய் சொன்ன பேச்சு கேக்குமா சார்?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே சங்கிலியை வெட்டி இழுத்துப் பழக்கிய ஆள். அப்போது என்னிடம் ஓர் அல்சேஷன் இருந்தது. ஒரு பயிற்சியில் குப்பைமேட்டுப் பக்கம் நின்று மோந்துகொண்டே இருந்தது. தின்னப் பார்க்கிறது என்று நினைத்துச் சுண்டி இழுத்தேன். இரண்டு மூன்று தடவை. ஆள் ஒளிந்திருந்தது குப்பைமேட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் குழாய்க்குள். அதற்குப் பிறகு அந்த நாய் என் காலடியை விட்டு இருபதடி தாண்டாது. திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கும். அவ்வளவு ஒழுக்கமான நாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தேடுவதற்கு மட்டும் உதவாது.

வாசல் காக்கும் நாய்க்கும் தேடும் நாய்க்கும் இங்கேதான் வித்தியாசம். நீங்கள் 'இந்தப் பக்கம் வா' என்கிறீர்கள். ஆள் அந்தப் பக்கம் இருப்பது அதன் மூக்குக்குத் தெரிகிறது. உங்கள் பேச்சை மீறி அந்தப் பக்கம் போகும் தைரியம் அதற்கு வேண்டும். தப்பு செய்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட நாய் அந்தத் தைரியத்தைத்தான் முதலில் விடும். பெல்ஜிய ராணுவ நாய்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்விலும், அதிகமாகத் தண்டிக்கப்பட்ட நாய்களின் வேலைத்திறன் குறைவாகவே இருந்தது.

அதற்காகப் பழைய ஆட்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மன் போலீஸ்காரர் கான்ராட் மோஸ்ட் 1910-லேயே, நாய் ஒரு செயலைத் திரும்பச் செய்வது அதன் பலனைப் பொறுத்தது, தண்டனையோ பரிசோ அந்த நொடியிலேயே வர வேண்டும் என்று எழுதிவிட்டார். அவர் கை கடுமையான கை, ஆனால் கண் கூர்மையான கண். நான் வேலை பழகிய பெரியவர்கள் நாயோடு ஒரே கொட்டகையில் படுத்தவர்கள். காது ஆடுவதை வைத்தே நாய்க்கு வாசம் கிடைத்ததைச் சொல்வார்கள். சங்கிலியை விட்டுவிட்டேன், அந்தக் கண்ணை இன்றும் அவர்களிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நாமதான் தலைவன்னு நாய்க்குக் காட்டணுமாமே? ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தானாம்?"

அந்தக் கதை 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் போட்டால் சண்டை வரத்தான் செய்யும். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் 1970-ல் அதையே எழுதினார். பிறகு காட்டில் வருடக்கணக்காகக் கூடவே இருந்து பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் தாமே திருத்திக்கொண்டார். தாம் எழுதிப் பேர் வாங்கியதைத் தாமே மறுத்த மனிதர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

"ஒருத்தர் மூக்கைத் தரையில வெச்சுத்தான் நடக்கணும்ங்கிறார், இன்னொருத்தர் தலையைத் தூக்கி மோந்தாப் போதும்ங்கிறார். யார் சொல்றது சரி?"

முதல் பதிலில் சொன்ன இரண்டு வகையைத் திரும்பப் பாருங்கள். இருவரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஈரமான புல்தரையில் ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்தவரைத் தேட, தரையில் மூக்கு வைக்கும் நாய் அற்புதம். ஜவ்வாது மலையில் விறகு பொறுக்கப் போனவர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியாதபோது தடம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? அங்கே காற்று மோப்ப நாய்தான்.

இன்னொரு விஷயம். தலை தூக்கிய நாயின் தலையைப் பிடித்து அமுக்குகிற பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். வாசம் காற்றில் வரும்போது குறுக்குவழியில் போகத் தெரிந்த நாயை எதற்கு மட்டம் தட்ட வேண்டும்? போட்டியில் மதிப்பெண் வாங்க அப்படிப் பழக்குவது வேறு. தொலைந்த பாட்டிக்கு மதிப்பெண் தேவையில்லை.

"வேலூர் வெயில்ல இதெல்லாம் நடக்குமா?"

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. நாய்க்கு வியர்வையால் பெரிய பயன் இல்லை, இரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும். வாயைத் திறந்து இரைக்கும்போது ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. ஆகவே கத்திரி வெயிலில் நாய் 'சோம்பேறித்தனம்' பண்ணினால் குறை நாயிடம் இல்லை. புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். எங்கள் வேலை காலை ஏழரைக்குள் முடிந்துவிடும்.

காற்றையும் பாருங்கள். நம் மொட்டைப் பாறைக் குன்றுகளில் வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே ஏறும், வாசமும் அதோடு போகும். விடிகாலையில் குளிர்ந்த காற்று கீழே வழியும். அதனால் காலையில் அடிவாரத்திலிருந்தும், பகலில் உச்சியிலிருந்தும் தேடுவது லாபம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாயைத் திட்டிய நாட்களை எண்ணினால் எனக்கே வெட்கம்.

"வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் நாத்தத்துல மனுஷன் மூக்கே வேலை செய்யாது. நாய் என்ன பண்ணும்?"

நமக்குப் பிரியாணி வாசம் என்றால் மொத்தமாக ஒரே வாசம். நாய் அதில் பட்டை, கறி, நெய் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கும். ஒரு வாசம் இன்னொன்றை மூடிவிடுவது நம் மூக்கில் நடக்கும் அளவுக்கு அதன் மூக்கில் நடக்காது. ஆனால் பழக்கமில்லாத நாற்றம் கவனத்தைத் திருப்பும். எனவே தூரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழக்குங்கள். ரசாயனக் கழிவு ஓடும் இடத்தில் மட்டும் நாயை இறக்காதீர்கள். அது மூக்கையும் பாதத்தையும் கெடுத்துவிடும்.

"கட்டளை இங்கிலீஷ்லதான் சொல்லணுமா?"

நாய்க்கு எல்லாம் ஒன்றுதான். ராஜிக்கு 'தேடு'. பேரணாம்பட்டு பாய் ஒருவரின் நாய்க்கு 'டூண்டோ'. ஒரே சொல்லை, ஒரே வேலைக்கு, வீட்டில் எல்லோரும் சொன்னால் சரி.

"என் நாய் ஒவ்வொரு வாரமும் கண்டுபிடிக்குது. அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?"

என் நாயும்தான் கண்டுபிடித்தது. மூன்று வாரம் தொடர்ந்து, ஒரு தடவைகூடத் தவறாமல். எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரு கணக்கு வாத்தியார், "சார், இந்த வாட்டி நீங்க பாலத்துக்குப் பின்னாடி போய் நில்லுங்க, ஆள் எங்கன்னு உங்களுக்கும் தெரிய வேணாம்" என்றார். சரி என்று நின்றேன். நாயை விட்டேன். அது கொஞ்ச தூரம் ஓடியது, திரும்பி என் முகத்தைப் பார்த்தது. எனக்குத் தெரியாததால் நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அதற்கும் எங்கே போவதென்று தெரியவில்லை. கடைசியில் நான் சும்மா நின்ற சீமைக்கருவேலம் புதருக்குப் பக்கத்தில் வந்து குரைத்தது. அங்கே ஒரு ஓணான் இருந்தது. அத்தனை வாரமும் ஆள் ஒளிந்திருந்த இடத்தை நெருங்கும்போது நான் நடையைக் குறைத்திருக்கிறேன். அது படித்தது என்னைத்தான்.

இது எனக்கு மட்டும் நடந்த அவமானம் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பேர் எடுத்தது. கேட்பவரின் தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டியது என்று 1907-ல் தெரிந்தது. 2011-ல் கலிஃபோர்னியாவில் 18 கையாளர்களை, அதாவது நாயை நடத்திச் செல்பவர்களை, வைத்து ஒரு சோதனை செய்தார்கள். போதைப்பொருள், வெடிமருந்து தேடும் நாய்கள். பொருள் எதையும் அங்கே வைக்கவில்லை. 'சிவப்புக் காகிதம் இருக்கும் இடத்தில் பொருள் இருக்கிறது' என்று கையாளர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். நாய்கள் 'கண்டுபிடித்ததாக' 200 தடவைக்கு மேல் அறிவிப்பு வந்தது. நாயை இழுக்கவென்று வைத்த தொத்திறைச்சியைவிட மனிதனை இழுத்த காகிதத்துக்குத்தான் சக்தி அதிகம்.

ஆகவே மாதத்துக்கு ஒரு தடவையாவது, அங்கே நிற்கும் யாருக்குமே விடை தெரியாத மாதிரி ஆளை ஒளித்து வையுங்கள். சில தடவை யாரையும் ஒளிக்காமலே தேடச் சொல்லுங்கள். 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்லத் தெரிந்த நாய்தான் நம்பத்தக்கது. துருக்கியில் ஜூலிக்குப் பின் ரோமியோவை விட்டதும் இந்தச் சந்தேகத்தால்தான்.

"யூடியூப்ல ஆளுக்கொரு முறை சொல்றாங்க. எல்லாத்தையும் ட்ரை பண்ணிப் பாக்கலாமா?"

பாருங்கள், ஆனால் வாரத்துக்கொன்றாக மாற்றாதீர்கள். பத்து வைத்தியர் பார்த்த நோயாளி மாதிரி நாய் குழம்பிப்போகும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, நேரம், காற்றின் திசை, தரை, ஒளிந்தவர் யார், எத்தனை நிமிடம், எத்தனை தடவை தப்பாகக் குரைத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பத்துத் தடவையாவது செய்துவிட்டு, மேலே சொன்ன மாதிரி யாருக்கும் விடை தெரியாத சோதனையில் பாருங்கள். நோட்டு இல்லாமல் 'இந்த முறைதான் பெஸ்ட்' என்று சண்டை போடுபவரிடம் நான் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவேன்.

"திறந்த மனசு, திறந்த மனசுங்கிறீங்க. ஷாக் பெல்ட்னா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களே?"

நியாயமான கேள்வி. நாயின் கழுத்தில் கட்டி, பொத்தானை அழுத்தினால் மின்சாரம் சுண்டும் அந்தப் பட்டையை என் கையில் கட்டிப் பார்த்தவன் நான். அது சில வேலைகளை நிறுத்தும், அதை மறுக்கவில்லை. ஆடு துரத்தும் நாயை நிறுத்தலாம். ஆனால் வலி வரும் நொடியில் கண்ணெதிரே என்ன இருக்கிறதோ அதோடு நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். எங்கள் வேலையில் அந்த நொடியில் எதிரே இருப்பது ஒளிந்திருக்கும் ஆளாக இருந்துவிட்டால்? அல்சேஷன் கதையைத் திரும்பப் படியுங்கள். அது வெறும் சங்கிலிதான்.

தவிர, எல்லா முறையையும் கேட்டுப் பார்ப்பேன் என்றால் எல்லாவற்றையும் நாய் மேல் செய்து பார்ப்பேன் என்று அர்த்தமில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. வேல்ஸில் 2010-லேயே இந்தப் பெல்ட்டைத் தடை செய்துவிட்டார்கள்.

"நம்ம நாய் ரெடி. திருவண்ணாமலை மாதிரி மண் சரிஞ்சா நேரா கிளம்பிடலாமா?"

கிளம்பாதீர்கள். 2024 டிசம்பரில் அங்கே மலை சரிந்து ஏழு பேர் புதைந்தபோது அரக்கோணத்திலிருந்து படை வந்தது. அந்த மாதிரி இடத்தில் கூப்பிடாமல் போகும் ஒவ்வொருவரும் இன்னொரு மனித வாசம். ஈரச்சேறு வாசத்தை உள்ளேயே அடைத்துவிடும். கம்பியால் துளை போட்டு, வாசம் மேலே வரும்வரை காத்திருந்து நாயை விட வேண்டும். அது படித்துச் செய்கிற வேலை. உதவ வேண்டும் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்குச் சொல்லி வைத்துவிட்டு அழைப்புக்குக் காத்திருங்கள்.

அதைவிட அடிக்கடி நடப்பது வீட்டில் ஞாபகமறதி உள்ள பெரியவர் வெளியே போய்விடுவது. உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். அவர் தலையணை உறையை வெறுங்கையால் தொடாமல் சுத்தமான கவருக்குள் போட்டு மூடி வையுங்கள். அவர் போன வாசலில் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் வந்தால் இதுவே பாதி வேலை.

"உங்களுக்கே இன்னும் புரியாத விஷயம் ஏதாவது இருக்கா சார்?"

இருக்கிறது. நாய் நடுவழியில் குழம்பி நின்றால் கையாளர் உதவ வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? காற்று வரும் பக்கம் இரண்டடி நகர்ந்து கொடுக்க வேண்டும் என்பது நான் கற்றது. எங்கள் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், நாயை விட்டதும் மணலில் உட்கார்ந்துவிடுகிறாள். வாயைத் திறப்பதில்லை, நாயைப் பார்ப்பதுகூட இல்லை. என் கணக்குப்படி எல்லாமே தப்பு. யாருக்கும் விடை தெரியாத சோதனையில் கடைசி நான்கு தடவையும் அவள் நாய் ராஜியைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டது. அது நல்ல நாய் என்பதாலா, அவள் உட்காருவதாலா? நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு நானும் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.